வெற்று டிஸ்க்கில் அப்கிரேட் சிடி: 'பழையது எங்கே?' என்று கேட்கும் இன்ஸ்டாலர்

பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மதர்போர்டில் ப்ராசசரை உட்கார வைத்து, ராமை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, கேபிள்களை ஒதுக்கிக் கட்டி, முதல் முறையாகப் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது. திரையில் பயாஸ், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரை, வருகிறது. ராம் சரியாகத் தெரிகிறது, டிஸ்க்கும் தெரிகிறது. இனி ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ், போடுவதுதான் பாக்கி. கையில் இருப்பதோ 'அப்கிரேட்' என்று அச்சடித்த ஒரு சிடி, பழைய விண்டோஸ் வைத்திருப்பவர் புதிய பதிப்புக்கு மாறுவதற்கானது. காலியான டிஸ்க்கில் இதை வைத்துப் போட முடியுமா?

இந்தக் கேள்விக்கு நிலையான பதில் என்றுமே இருந்ததில்லை. விண்டோஸ் 98க்கு ஒரு பதில், எக்ஸ்பிக்கு ஒரு பதில், விஸ்டாவுக்கு வேறு, 7க்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மட்டும் ஒரே விஷயம். கணினிக்கு ஏற்கெனவே ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது என்ற கணக்கில்தான் மைக்ரோசாஃப்டில் அப்கிரேட் சிடியைத் தயாரித்தார்கள். நாமே கட்டிய கணினிக்கு அது கிடையாது, இன்றைக்குத்தான் பிறந்தது. இல்லாத அந்தப் பழைய வாழ்க்கையை இன்ஸ்டாலர் எங்கே தேடுகிறது, எதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்கிறது என்பதில்தான் ஒவ்வொரு பதிப்பும் மாறியது. முதலில் மேசை டிராயரில் கிடக்கும் பழைய பிளாப்பியையோ சிடியையோ கேட்டார்கள். பிறகு ஹார்டு டிஸ்க்குக்குள் தேடினார்கள். இப்போது தங்கள் சர்வரிலேயே எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விண்டோஸுக்கு முந்தைய ஓஎஸ்ஸான டாஸின் காலத்துக்குப் போக வேண்டும். 1980களில் எம்எஸ்-டாஸ் பெரும்பாலும் கணினித் தயாரிப்பாளர்கள் வழியாகத்தான் மக்களிடம் போனது. கணினி வாங்கினால் டாஸ் கூடவே வரும். 1991 ஜூனில் எம்எஸ்-டாஸ் 5 வந்தபோது அதை அப்கிரேட் பெட்டியாகக் கடைகளில் வைத்தார்கள். கடைக்கு வருகிறவரிடம் கணினி இருக்கிறது, கணினி இருந்தால் டாஸும் இருக்கும், அவருக்குத் தேவை புதிய பதிப்பு மட்டுமே என்பது கணக்கு. அன்றைக்கு அது நியாயமான கணக்குதான். பிராண்டட் கணினி வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் அது பொருந்தும். பாகங்களை வாங்கி வீட்டில் கோர்ப்பவர் மட்டும்தான் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அவருடைய டிஸ்க் தொழிற்சாலையிலிருந்து வெறுமையாகவே வருகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். அப்கிரேட் சிடியில் ஃபைல்கள் குறைவாக இருக்கும், பழைய விண்டோஸிலிருந்து மீதியை எடுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐபிஎம் 1993ல் வெளியிட்ட 'ஓஎஸ்/2 ஃபார் விண்டோஸ்' என்ற ஓஎஸ் உண்மையிலேயே அப்படிப்பட்டதுதான். விண்டோஸ் நிரல்களை ஓட்டத் தேவையான பகுதியை அது தன்னோடு கொண்டுவரவில்லை, கணினியில் இருக்கும் விண்டோஸ் 3.1ஐயே பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் அப்கிரேட் சிடிகள் அந்த வகை கிடையாது. முழு ஓஎஸ்ஸும் அதிலேயே இருக்கிறது. விஸ்டா டிவிடியில் ஹோம் பேசிக் முதல் அல்டிமேட் வரை எல்லாப் பதிப்பும் ஒன்றாகவே இருந்தன. எது இன்ஸ்டால் ஆக வேண்டும் என்பதை நீங்கள் அடிக்கும் கீ, அதாவது பெட்டியோடு வரும் லைசென்ஸ் எண்தான் முடிவு செய்தது. ஆகவே அப்கிரேட் சிடியில் குறைவாக இருப்பது ஃபைல் கிடையாது, உரிமை. அது பாதி லைசென்ஸ். இன்னொரு பாதியை நீங்கள் கொண்டுவர வேண்டும்.

அந்த இன்னொரு பாதி எது என்பதில்தான் வீட்டில் கணினி கட்டுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பரணில் ஒரு பழைய பிராண்டட் கணினி கிடக்கிறது, அதன் கேபினெட்டில் விண்டோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதைக் காட்டிப் புதுக் கணினியில் அப்கிரேட் போடலாமே என்று தோன்றும். அந்த ஸ்டிக்கர் ஓஇஎம் லைசென்ஸ், அதாவது தயாரிப்பாளர் கணினியோடு சேர்த்துத் தந்த உரிமை. அது பிறந்த கணினியோடு, குறிப்பாக அதன் மதர்போர்டோடு, பிணைந்தது. அந்தக் கணினி செத்தால் அதுவும் சாகிறது. கடையில் தனிப் பெட்டியாக வாங்கிய ரீடெய்ல் விண்டோஸ்தான் ஒரு கணினியை விட்டு இன்னொன்றுக்குப் போகக்கூடியது. அப்படியொரு ரீடெய்ல் பிரதி உங்களிடம் இருந்து, அதை வேறு கணினியிலிருந்து எடுத்துவிட்டால், அதன் மேல் அப்கிரேட் போடுவது முறைப்படி சரி. போட்ட பிறகு பழையதும் புதியதும் சேர்ந்து ஒரே லைசென்ஸ். பழைய சிடியை நண்பருக்குக் கொடுத்துவிட முடியாது. 98 ரீடெய்ல், அதன் மேல் எக்ஸ்பி அப்கிரேட், அதன் மேல் விண்டோஸ் 7 அப்கிரேட் என்று மூன்று பெட்டி வைத்திருந்தாலும் கையில் இருப்பது ஒரே ஒரு கணினிக்கான உரிமைதான்.

சரி, இன்ஸ்டாலர் இதை எப்படிச் சோதித்தது என்று பார்ப்போம்.

1995 ஆகஸ்ட் 24ல் வந்த விண்டோஸ் 95, அப்கிரேடாக 13 பிளாப்பிகளிலும் சிடியிலும் கிடைத்தது. டிஸ்க்கில் பழைய விண்டோஸ் இல்லையென்றால், விண்டோஸ் 3.1ன் முதல் பிளாப்பியைப் போடச் சொல்லிக் கேட்கும். போட்டால் பார்த்துவிட்டு மேலே போகும். விண்டோஸ் 98லும் இதே முறைதான், பிளாப்பிக்குப் பதில் பழைய சிடியைக் காட்டலாம். ஆனால் 98 அப்கிரேடில் சாட்சி காட்டுவதைவிட அதற்கு முந்தைய படிதான் சிரமம். அந்த சிடியிலிருந்து கணினி நேராகப் பூட் ஆகாது, அதாவது எழுந்திருக்காது. புதுக் கணினியில் பூட் ஆவதற்கு ஒரு ஸ்டார்ட்அப் பிளாப்பி வேண்டும், அதை இன்னொரு கணினியில்தான் தயாரிக்க முடியும்.

அந்தப் பிளாப்பியைப் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு வரிசை மறந்திருக்காது. முதலில் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லிப் பார்ட்டிஷன் போட வேண்டும். ரீஸ்டார்ட். அப்புறம் சி டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு சிடியிலிருந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். சிடி டிரைவ் 'டி'யாக இருக்கும் என்று நினைத்து டி-க்குப் போனால் அங்கே சில கருவி நிரல்கள் மட்டும் இருக்கும். காரணம், ஸ்டார்ட்அப் பிளாப்பி ராமிலேயே ஒரு தற்காலிக டிரைவை உருவாக்கி, தன் கருவிகளை அதில் விரித்து வைக்கிறது. அது ஒரு எழுத்தைப் பிடித்துக்கொள்வதால் சிடி டிரைவ் ஒரு எழுத்து தள்ளி 'ஈ' ஆகிவிடும். ஈ-க்குப் போய் செட்டப் என்று அடித்தால் எல்லாம் நடக்கும். இந்த ஒரு எழுத்துக்காகப் புது சிடி டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

2001 அக்டோபர் 25ல் வந்த எக்ஸ்பிதான், என் பார்வையில், சொந்தமாகக் கணினி கட்டுகிறவரை மிக மரியாதையாக நடத்தியது. அப்கிரேட் சிடியே பூட் ஆகும். பிளாப்பி வேண்டாம். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளில் வரவேற்பு வரும், என்டர் அழுத்தினால் ஒப்பந்தம், எஃப்8 அழுத்தினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். காலி டிஸ்க் என்றால் அடுத்ததாக ஒரு செய்தி நிற்கும்: முந்தைய விண்டோஸ் எதுவும் இந்தக் கணினியில் இல்லை, தகுதியான பழைய பதிப்பின் சிடியை டிரைவில் போடுங்கள். டிரைவைத் திறந்து எக்ஸ்பி சிடியை எடுத்துவிட்டு 98 சிடியை வைக்க வேண்டும். டிரைவ் உள்ளே போய்ச் சில நொடிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு எக்ஸ்பி சிடியைத் திரும்பப் போடச் சொல்லும். அவ்வளவுதான், பார்ட்டிஷன் திரை வந்துவிடும். முதல் முறை நான் இதைச் செய்தபோது, பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்காக மனதார மகிழ்ந்தேன். அன்றிலிருந்து எந்த சிடியையும் எறிவதில்லை.

இதிலும் நிபந்தனைகள் உண்டு. விண்டோஸ் 95 சாட்சியாகச் செல்லாது, 98 அல்லது விண்டோஸ் மீ வேண்டும். எக்ஸ்பி ப்ரொஃபெஷனலுக்கு விண்டோஸ் என்டி 4, விண்டோஸ் 2000 ஆகியவையும் செல்லும். அசல் சிடிதான் வேண்டும், பிராண்டட் கணினியோடு வரும் ரெகவரி சிடியில் ஃபைல் அமைப்பு வேறு மாதிரி இருப்பதால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. எக்ஸ்பியோடுதான் ஆக்டிவேஷனும், அதாவது கீயை மைக்ரோசாஃப்ட் சர்வரில் உறுதி செய்யும் முறையும், வந்தது. 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. ப்ராசசர், ராம் அளவு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று 10 அம்சங்களைச் சேர்த்து ஒரு கைரேகை எடுத்துக்கொள்ளும். அடிக்கடி பாகம் மாற்றுகிற நமக்கு இது ஒரு புதுத் தொல்லையாக வந்து சேர்ந்தது. ஆனால் அப்கிரேடுக்கான தகுதிச் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகுதியைச் சிடி சொல்லும், ஆக்டிவேஷனைச் சர்வர் சொல்லும். இரண்டும் தனித்தனி வாசல்கள்.

விஸ்டாவில் அந்த நல்ல வாசலை அடைத்துவிட்டார்கள். 2007 ஜனவரி 30ல் கடைக்கு வந்த விஸ்டாவின் அப்கிரேட் டிவிடி, பழைய சிடியைக் கேட்பதே இல்லை. அப்கிரேட் கீயை வைத்துக்கொண்டு டிவிடியிலிருந்து பூட் செய்தால், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து என்னை ஓட்டு என்று சொல்லி நின்றுவிடும். புது டிஸ்க் என்றால் முதலில் எக்ஸ்பியையோ 2000ஐயோ முழுதாக இன்ஸ்டால் செய்து, அதற்குள்ளிருந்து விஸ்டாவை ஓட்ட வேண்டும். டிஸ்க் கெட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே கதை.

அப்போதுதான் ஒரு குறுக்கு வழி வெளியே வந்தது. டிவிடியிலிருந்து பூட் செய்து, கீ கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போனால் விஸ்டா சோதனைப் பிரதியாக இன்ஸ்டால் ஆகும். எந்தப் பதிப்பு என்று அதுவே கேட்கும், நீங்கள் வாங்கியதைச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப் வந்ததும் அதே டிவிடியை மறுபடி போட்டு, உள்ளிருந்து செட்டப்பை ஓட்டி, இந்த முறை கீயைக் கொடுத்து 'அப்கிரேட்' என்று தேர்ந்தெடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் இப்போது டிஸ்க்கில் ஒரு விண்டோஸ் இருக்கிறதே! அது கீயே இல்லாத விஸ்டா என்பதை அது பார்ப்பதில்லை. ஒரே ஓஎஸ்ஸை இரண்டு தடவை போட்டு, அதன் மேல் அதையே அப்கிரேட் செய்கிற வேலை. உரிமையை நிரூபிக்கச் சொல்லிவிட்டு உரிமையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒன்றைச் சோதித்தால் இப்படித்தான் ஆகும். நேர்மையாக 98ல் தொடங்கிப் படிப்படியாகக் காசு கொடுத்து வந்தவரின் சிடிகளுக்கு அங்கே மதிப்பில்லை. உரிமையே இல்லாதவருக்கோ எந்தத் தடையும் இல்லை.

2009 அக்டோபர் 22ல் விண்டோஸ் 7 வந்தபோது நிலைமை பாதி சரியானது, பாதி இன்னும் குழம்பியது. அப்கிரேட் டிவிடி பூட் ஆகும், காலி டிஸ்க்கில் இன்ஸ்டாலும் ஆகும், கீயையும் வாங்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்து டெஸ்க்டாப் வந்து, பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்கள் எல்லாம் போட்டு, நிம்மதியாக ஆக்டிவேட் செய்யப் போகும்போதுதான் செய்தி வரும்: இந்தக் கீ மேம்படுத்துவதற்கு மட்டுமே, புதிதாக நிறுவுவதற்கு இல்லை. தடை இருந்தது உண்மைதான், ஆனால் வாசலில் இல்லாமல் வீட்டின் கடைசி அறையில் இருந்தது. டிஸ்க்கில் பழைய எக்ஸ்பியோ விஸ்டாவோ இருக்கும்போது அதை அழிக்காமல் பூட் செய்து போட்டிருந்தால் இந்தச் செய்தி வராது. ஃபார்மட் செய்த டிஸ்க்கில் போட்டவர்களுக்குத்தான் வந்தது.

இதற்கான தீர்வு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு எண். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், செட்டப், ஊப் என்று இறங்கிப் போனால் 'மீடியாபூட்இன்ஸ்டால்' என்று ஒரு பதிவு இருக்கும். ஊப் என்பதை ஆங்கிலத்தில் ஓ, ஓ, பி, ஈ என்று எழுதியிருப்பார்கள். டிவிடியிலிருந்து பூட் செய்து போட்டிருந்தால் அதன் மதிப்பு 1. அதை 0 ஆக்க வேண்டும். அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, லைசென்ஸைக் கையாளும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை 'ரீஆர்ம்' என்ற சேர்க்கையோடு ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி கீயைக் கொடுத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும். இன்ஸ்டாலர் தனக்குத்தானே எழுதி வைத்த ஒரு குறிப்பை நாம் திருத்துகிறோம், அவ்வளவுதான். இது லைசென்ஸைத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தகுதியான எக்ஸ்பி அல்லது விஸ்டா ரீடெய்ல் உங்களிடம் இருந்தால் இதைச் செய்வதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமையை அந்தச் சோதனைக்குப் பார்க்கத் தெரியவில்லை, நீங்கள் காட்டுகிறீர்கள். அடிப்படைப் பிரதியே இல்லாதவருக்கு அந்த எண் வேலை செய்யலாம், உரிமை மட்டும் வராது. ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பிடிக்காதவர்களுக்குத் தொலைபேசி ஆக்டிவேஷனும் இருந்தது.

இதே காலத்தில் இன்னொரு முரணும் இருந்தது. சிறு கடைக்காரர்கள் கணினி கோர்த்து விற்பதற்காக 'சிஸ்டம் பில்டர்' என்ற ஓஇஎம் பிரதி இருந்தது. சொந்தமாகக் கணினி கட்டுகிறவர்கள் பலர் அதைத்தான் வாங்கினார்கள். ஆனால் விண்டோஸ் 7 காலத்து விதிப்படி அது பிறருக்கு விற்கும் கணினிக்கே உரியது, தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டுகிறவருக்குக் கிடையாது. ஆகவே முறைப்படி நடக்க விரும்பியவருக்கு மிச்சம் இருந்தது முழு ரீடெய்ல் ஒன்றுதான். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் சிஸ்டம் பில்டர் பிரதியில் சொந்த உபயோகத்துக்கும் அனுமதி எழுதிச் சேர்த்தார்கள். அடுத்த வருடம், 2013 அக்டோபரில், 8.1 கடைக்கு வந்தபோது அப்கிரேட் பெட்டி என்ற பிரிவையே விட்டுவிட்டு முழுப் பிரதியாக விற்றார்கள். காலி டிஸ்க்கில் போடலாமா என்ற கேள்விக்கு முதல் முறையாக 'போடலாம்' என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது அப்போதுதான். இருபது வருடம் தாமதம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அப்கிரேட் என்ற கருத்து போகவில்லை, இடம் மாறியது. விண்டோஸ் 10, 2015 ஜூலை 29ல் வந்தபோது 7ம் 8.1ம் வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மாறினால் இலவசம் என்றார்கள். இன்ஸ்டால் டிவிடியின் நகலான ஐஎஸ்ஓ ஃபைலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம், அதில் அப்கிரேட், முழுது என்ற பேதம் இல்லை. ஆர்வத்தில் பலர் உடனே பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டார்கள். ஆக்டிவேட் ஆகவில்லை. முதலில் பழைய விண்டோஸுக்குள்ளிருந்து ஒரு முறை அப்கிரேட் செய்ய வேண்டும், அப்போதுதான் அந்தக் கணினியின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகும். அதற்குப் பிறகு எத்தனை முறை ஃபார்மட் செய்து போட்டாலும் கீயே கேட்காமல் ஆக்டிவேட் ஆகும். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் பழைய விண்டோஸை மறுபடி போட்டுத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் வந்த 1511 பதிப்பில்தான் 7, 8, 8.1 கீகளை நேராக 10லேயே அடிக்கலாம் என்று தளர்த்தினார்கள். இலவச வருடம் முடிந்த பிறகும் அந்த வழி நெடுநாள் திறந்தே இருந்தது. 2023 செப்டம்பரில்தான் அதை மூடுவதாக அறிவித்தார்கள்.

இந்த முறையில் சாட்சி இருப்பது உங்கள் டிராயரிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. சர்வரில் உள்ள பதிவுக்கும் உங்கள் மதர்போர்டுக்கும் இடையே உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. பிராண்டட் கணினிகளில் விண்டோஸ் 8 காலத்திலிருந்து கீயை மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலில் (ஃபர்ம்வேர்) எழுதி அனுப்புகிறார்கள். இன்ஸ்டாலர் அதைப் படித்து, கேட்காமலேயே பதிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தனியாக வாங்கும் மதர்போர்டில் அந்த இடம் வெறுமை. அதனால்தான் ஒரே பென் டிரைவ் லேப்டாப்பில் கீ கேட்காமலும் உங்கள் கணினியில் கேட்டும் நடந்துகொள்கிறது. அங்கே 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டு, முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த அதே பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளாது.

பழைய மீடியா, புதிய மதர்போர்டு

உரிமைப் பிரச்சினையைத் தாண்டினாலும் இன்னொன்று காத்திருக்கிறது. இன்ஸ்டால் சிடி என்பது அது அச்சான நாளில் உறைந்துபோனது. அதற்குப் பிறகு பிறந்த வன்பொருளை அதற்குத் தெரியாது. பிராண்டட் கணினிக்குத் தயாரிப்பாளரே டிரைவர்களைச் சேர்த்து அனுப்பிவிடுவார். நம் கணினிக்கு நாம்தான் தயாரிப்பாளர், அந்த வேலையும் நம்முடையதே.

எக்ஸ்பியின் முதல் சிடி, எவ்வளவு பெரிய டிஸ்க்கைக் கொடுத்தாலும் 137 ஜிபி வரைதான் பார்க்கும். திருத்தங்களின் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 சேர்த்த சிடியில்தான் அது சரியானது. சாட்டா கேபிளில் இணையும் டிஸ்க்கைப் பயாஸில் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் வைத்தால் அந்த இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. தொடக்கத்தில் எஃப்6 அழுத்தி, டிரைவரைப் பிளாப்பியில் கொடுக்க வேண்டும். பிளாப்பி டிரைவ் இல்லாத கணினி கட்டியவர்கள் பயாஸில் ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றினார்கள், அல்லது சர்வீஸ் பேக்கையும் டிரைவர்களையும் கலந்து புது சிடி எரித்தார்கள். விண்டோஸ் 7 டிவிடிக்கு யுஎஸ்பி 3 தெரியாது. 2015ல் வந்த இன்டெல் 100 வரிசை மதர்போர்டுகளில் பழைய யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப்பை எடுத்துவிட்டதால், அதில் பூட் செய்தால் முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். கணினி நன்றாக இருக்கிறது, டிவிடி நன்றாக இருக்கிறது, 'நெக்ஸ்ட்' அழுத்த மட்டும் வழியில்லை. என்விஎம்இ என்ற புதிய வகை வேக டிஸ்க்கும் அதற்குத் தெரியாது.

இன்றைக்கும் இதே கதைதான். இன்டெல் 11ம் தலைமுறை முதல் சில மதர்போர்டுகளில் டிஸ்க்குகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், இன்ஸ்டாலர் டிஸ்க் எதுவுமே இல்லை என்று சொல்லும். பயாஸில் அதை அணைக்கலாம், அல்லது இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுக்கலாம். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கிறது. புது மதர்போர்டின் வைஃபை சிப்புக்கோ லேன் சிப்புக்கோ உள்ளே டிரைவர் இல்லையென்றால் அந்தத் திரையிலேயே நின்றுவிட வேண்டியதுதான். மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை.

2021 அக்டோபர் 5ல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் சாட்சியே வேறு. பழைய விண்டோஸ் இருக்கிறதா என்பதற்குப் பதிலாக, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் இருக்கிறதா, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்கம் முடியுமா, ப்ராசசர் பட்டியலில் உண்டா என்று கேட்கிறது. சொந்தமாகக் கட்டிய கணினிகளில் 'உங்கள் கணினி தகுதியற்றது' என்று வந்து பலர் பயந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது. டிபிஎம் ப்ராசசருக்குள்ளேயே இருந்தது, தனியாக விற்கும் மதர்போர்டுகள் பலவற்றில் அது அணைத்த நிலையில் வந்தது. இன்டெல் என்றால் பயாஸில் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம். அதை இயக்கினால் முடிந்தது. புதிதாக ஒரு சிப் வாங்கிச் செருக வேண்டிய அவசியம் அநேகருக்கு இல்லை. சோதனையைத் தாண்டிப் போடுகிற வழிகளும் இருக்கின்றன, ஆனால் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு மிகப் பழைய ப்ராசசர்களில் பூட்டே ஆகாது. அதற்குத் தேவையான பாப்கவுன்ட் போன்ற கட்டளைகள் அவற்றில் இல்லை. அதைத் தாண்ட எந்த ரெஜிஸ்ட்ரி எண்ணும் கிடையாது.

டிஸ்க்கில் கை வைக்கும் முன்

நடைமுறையில் நான் கடைப்பிடிப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஓஎஸ் போகப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிடுவது. இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால், இன்ஸ்டாலர் புது விண்டோஸின் பூட் ஃபைல்களையும் அதிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடும். ஒரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழுந்திருக்காது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து அழித்துப் போடுபவர்கள் நிறைய. கேபிளைக் கழற்றுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்று பூட் முறை. பயாஸின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் 'யுஇஎஃப்ஐ' (பழைய பயாஸுக்குப் பின் வந்த புதிய பூட் முறை) என்று இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு யுஇஎஃப்ஐயில் பூட் செய்தால், 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும். அதில் வைத்திருக்க வேண்டியது எதுவும் இல்லையென்றால் அங்கேயே ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்துங்கள், கறுப்பு ஜன்னல் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று அடித்து, 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, ஜிபி அளவைப் பார்த்து எது நம் டிஸ்க் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'செலக்ட் டிஸ்க்' என்று அதன் எண்ணைக் கொடுங்கள். 'லிஸ்ட் டிஸ்க்'கை மறுபடி ஓட்டினால் தேர்ந்தெடுத்ததன் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும், அதைப் பார்த்த பிறகுதான் 'க்ளீன்', அப்புறம் 'கன்வர்ட் ஜிபிடி' (ஜிபிடி என்பது யுஇஎஃப்ஐக்கு வேண்டிய புதிய பிரிப்பு முறை). க்ளீன் 'நிச்சயமா?' என்று கேட்காது. அடித்த நொடியில் பார்ட்டிஷன்கள் போய்விடும். டிஸ்க்கில் இருப்பது வேண்டுமென்றால் இந்த வழியே வேண்டாம். எம்பிஆரில் இருக்கும் விண்டோஸ் 10ஐ அழிக்காமலே ஜிபிடிக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக, மதர்போர்டு மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 10லும் 11லும் மதர்போர்டை மாற்றினால் சர்வருக்கு அது வேறு கணினி. 2016 ஆகஸ்டில் வந்த 1607 பதிப்பிலிருந்து லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கலாம். இணைத்திருந்தால், மாற்றிய பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டி, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதை அழுத்தி, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்து உரிமையை இங்கே கொண்டுவரலாம். உரிமை ரீடெய்லாக இருக்க வேண்டும், ஓஇஎம் நகராது. பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால் பழைய மதர்போர்டு உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைத்திருக்க வேண்டும். ஸ்க்ரூட்ரைவரை எடுக்கும் முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, 'உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்திலேயே கணக்கைச் சேர்த்துவிட்டு, அந்த வரி மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கணினியை அணையுங்கள்.